மணியோட வயிறும் கோடு போட்ட நோட்டும்

எங்க நாய் மணி ஆய் போயிட்டு நகர்ந்ததும் நான் போய் குனிஞ்சு பாப்பேன். மூணு வருஷமா இதான் பொழப்பு. காலையில வாக்கிங் வர்றவங்கல்லாம் மூஞ்சிய திருப்பிக்கிட்டு போவாங்க, நான் மட்டும் போன் டார்ச்ச அடிச்சுக்கிட்டு உருண்டையா இருக்கா, ஓரம் கரைஞ்சிருக்கா, மேல சளி மாதிரி பளபளன்னு ஏதாவது படிஞ்சிருக்கான்னு ஆராய்ச்சி பண்ணிக்கிட்டு நிப்பேன். அப்புறம் வீட்டுக்கு வந்து நோட்டுல ஒரு நம்பர் எழுதணும். அவன் காலைக்கடன் முடிஞ்சா தான் எனக்கு காலையே விடியுது.

அவனுக்கு ஐபிடி, அதாவது குடல்ல நாள்பட்ட அழற்சி. இப்பல்லாம் டாக்டருங்க க்ரானிக் என்டரோபதின்னும் சொல்றாங்க.

ஆரம்பிச்சப்ப அவனுக்கு நாலு வயசு. ஒரு நாள் வயித்தால போச்சு, டாக்டர்கிட்ட தூக்கிட்டு போனோம், ஒரு ஊசி, அஞ்சு நாளைக்கு மெட்ரோனிடசோல்ங்கற ஆன்டிபயாட்டிக், கூட உப்பு காரம் இல்லாம சிக்கனும் சாதமும் குடுங்கன்னாரு, சரியாயிடுச்சு. மூணு வாரம் கழிச்சு மறுபடி அதே கதை, அதே ஊசி, அதே மாத்திரை. நாலு மாசத்துல இப்படி அஞ்சு தடவை ஆச்சு, "ஏன் சார் திரும்ப திரும்ப வருது"ன்னு நானும் ஒரு தடவை கூட அழுத்தி கேக்கல, மாத்திரை போட்டா நிக்குதே, அது போதும்னு இருந்துட்டேன். அந்த மாத்திரை எவ்ளோ கசக்கும்னா, பாதி கரைஞ்சு நாக்குல பட்டுச்சுன்னா வாயெல்லாம் நுரையா தள்ளுவான். கடைசியில அட்டைய பிரிக்கிற சத்தம் கேட்டாலே கட்டிலுக்கு அடியில போய் பதுங்கிக்குவான். இதுக்கு நடுவுல 22 கிலோ இருந்தவன் 19க்கு எறங்கிட்டான், எனக்கு அது தெரிஞ்சதே குளிப்பாட்டுறப்ப முதுகெலும்பு கையில மணி மணியா தட்டுப்பட்டப்ப தான்.

இப்ப நெனச்சா கோவம் வர்றது ஒரு வீடியோவ பாத்து. முன்னங்கால் ரெண்டையும் தரையில நீட்டி, நெஞ்ச தாழ்த்தி, பின்பக்கத்த மட்டும் தூக்கிக்கிட்டு கொஞ்ச நேரம் அப்படியே நிப்பான். சோம்பல் முறிக்கிறான், கும்பிடு போடுறான்னு சிரிச்சுக்கிட்டே வீடியோ எடுத்து ஸ்டேட்டஸ்ல போட்டேன். அது வயித்து வலிக்கு நாய்ங்க நிக்கிற நிலைன்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. ராத்திரி வயிறு கடமுடன்னு சத்தம் போட்டதும், சும்மா சும்மா உதட்ட நக்குனதும், விடியக்காலையில வெளிய விட்டா போதும்னு புல்ல மேய்ஞ்சதும் எல்லாம் அவன் சொல்லிக்கிட்டே தான் இருந்திருக்கான்.

ரெண்டாவது டாக்டர் வேற மாதிரி. நாய தொடுறதுக்கு முன்னாடியே இருபது நிமிஷம் என்னை கேள்வி கேட்டாங்க. ஒரு தடவைக்கு நெறைய போறானா, இல்ல கொஞ்சம் கொஞ்சமா பல தடவையா? முக்குறானா? சளி, செவப்பா ரத்தம்? தார் மாதிரி கருப்பா போயிருக்கா? அளவு நெறைய, கூடவே எடை குறையுதுன்னா சிறுகுடல் பக்கம் பிரச்சனை, அவசரமா ஓடுறது, முக்குறது, சளி, செவப்பா ரத்தம்னா பெருங்குடல் பக்கம், இவனுக்கு ரெண்டும் கலந்து இருந்துச்சு. மூணு வாரத்துக்கு மேல தொடர்ந்தோ விட்டு விட்டோ இருந்தா அது சாதாரண வயித்துப்போக்கு கணக்குல வராதுன்னாங்க. ஆனா உடனே ஐபிடின்னும் சொல்லல, மத்த எல்லாத்தையும் ஒவ்வொண்ணா கழிச்சுட்டு கடைசியில வந்து சேர்ற பேரு தான் அதுன்னாங்க.

அதுக்கு ஒரு டெஸ்ட் வரிசை. ஜியார்டியாங்கற குடல் ஒட்டுண்ணி இருக்கான்னு மூணு நாள் ஸ்டூல், கணையம் ஒழுங்கா என்சைம் சுரக்குதான்னு டிஎல்ஐ, வயித்துக்கு ஸ்கேன். அடிசன்ஸ் இல்லைன்னு உறுதி பண்ண கார்டிசால் ஒண்ணு, ஏன்னா அட்ரினல் சுரப்பி சரியா வேலை செய்யாத அந்த நோயும் இதே மாதிரி விட்டு விட்டு வாந்தி, வயித்துப்போக்குன்னு நடிக்குமாம், பாக்காம ஸ்டீராய்டு குடுத்தா நோயே மறைஞ்சுக்கும். ரத்தத்துல இருக்கற ஆல்புமின்ங்கற புரதத்த பாத்தாங்க, அது எறங்கியிருந்தா குடல் வழியா ஒழுகிக்கிட்டு இருக்கலாம், அப்படின்னா வயித்துல நீர் கோக்கறது, ரத்தம் கட்டுறதுன்னு வேற லெவல் ஆபத்து. நல்லவேளை அது நார்மல். பி12 மட்டும் ரொம்ப கம்மி. அது சிறுகுடலோட கடைசிப் பகுதியில தான் உறிஞ்சப்படும், அந்த இடமே புண்ணா கெடந்தா எவ்ளோ சாப்பிட்டாலும் ஏறாது, அது ஏறாம மத்த வைத்தியமும் சரியா பிடிக்காது. வாரம் ஒரு ஊசின்னு ஆறு வாரம். ரெண்டாவது ஊசிக்கு அப்புறம் தட்ட தள்ளிட்டு வந்து என் முன்னாடி வச்சான், பல மாசம் கழிச்சு.

நோட்டு அவங்க குடுத்த பழக்கம் தான். சுறுசுறுப்பு, பசி, வாந்தி, ஸ்டூல் எவ்ளோ கெட்டியா இருக்கு, எத்தனை தடவை, எடை எவ்ளோ குறைஞ்சுது, இந்த ஆறுக்கும் 0ல இருந்து 3 வரைக்கும் மார்க். கூட்டி 3க்குள்ள இருந்தா நிம்மதி, 4-5 லேசு, 6ல இருந்து 8 நடுத்தரம், 9 தொட்டாலே தீவிரம். மணியோட முதல் மார்க் 12. ஸ்கூல்ல கணக்குல நான் வாங்குன மார்க்க விட கொஞ்சம் கம்மி தான்.

அப்புறம் தான் டயட் ட்ரையல். எங்க வீட்ட ரெண்டாக்குனது இது தான்.

இந்த நோய் வர்ற நாய்ங்கள்ல பாதிக்கு மேல சாப்பாட்ட மாத்துனாலே தேறிடுமாம், அதனால மருந்துக்கு முன்னாடி அதத்தான் முயற்சி பண்ணணும். அவன் இதுவரைக்கும் சாப்பிடாத புரதமா குடுக்கணும், இல்லன்னா ஹைட்ரோலைஸ்டு சாப்பாடு. வயிறு சரியில்லைன்னு நான் ஒவ்வொரு தடவையும் ஆசையா ஆக்கிப்போட்ட சிக்கனே அவன் குடலுக்கு ஆகாததா இருந்திருக்கலாம்னு கேட்டப்ப கொஞ்ச நேரம் பேச்சே வரல. முதல்ல வாத்துக்கறி சாப்பாடு, ரெண்டு வாரம், ஒரு மாத்தமும் இல்ல. அடுத்தது ஹைட்ரோலைஸ்டு. மணி யாரையும் பாத்து குரைக்கவே மாட்டான், ஆனா அவன் குடலுக்குள்ள இருக்கற எதிர்ப்பு சக்தி தெருவுல போறவன் வர்றவன் எல்லாரையும் பாத்து குரைக்கிற ரகம். இந்த சாப்பாட்டுல புரதத்த ஆள் அடையாளமே தெரியாத அளவுக்கு பொடிப்பொடியா உடைச்சிருப்பாங்க, குடல் பாக்கும், யாருன்னே தெரியாது, சும்மா விட்டுடும்.

ஒன்பதாவது நாள் காலையில கெட்டியா, ஒடையாம, கையில எடுத்தா தரையில தடம் கூட இல்லாம ஒரு ஆய். போட்டோ எடுத்து குடும்ப குரூப்புல போட்டேன். தம்பி "சாப்பிட்டுட்டு இருக்கேன் அக்கா"ன்னு ரிப்ளை பண்ணான்.

ரூல் என்னன்னா அந்த சாப்பாடும் தண்ணியும் தவிர வேற எதுவும் அவன் வாய்க்குள்ள போகக்கூடாது, ஒரு பிஸ்கட் துண்டு போனாலும் அத்தனை நாளும் வீண். அம்மாவால இது முடியல. "ஏன்டி, அது மூஞ்சிய பாத்துக்கிட்டே நான் எப்படி சாப்பிடுவேன், எனக்கு எறங்கவே மாட்டேங்குது"ன்னு தட்டோட எந்திரிச்சு போயிடுவாங்க. அதனால இருபத்தி நாலாவது நாள் திடீர்னு தண்ணியா போனப்ப நேரா அம்மாவ தான் விசாரிச்சேன், விசாரிச்சேன்னா போலீஸ் மாதிரி. அவங்க கண்ணு கலங்கி, மணி தலையில கைய வச்சு சத்தியம் பண்ணாங்க. தம்பிய கேட்டேன், வீடு பெருக்க வர்ற அக்காவ கேட்டேன், குப்பைத்தொட்டிய கவுத்து பாத்தேன். டாக்டருக்கு போன் பண்ணா அவங்க கேட்டது ஒண்ணே ஒண்ணு: "இந்த வாரம் உண்ணி மாத்திரை ஏதாவது குடுத்தீங்களா?"

குடுத்திருந்தேன். நான் தான், மாசக் கணக்கு தப்பாம, கறி வாசனையோட இருக்கற மெல்லுற மாத்திரை. அந்த மாதிரி ருசி சேர்த்த மாத்திரைகள்ல சிலதுல மாட்டுக்கறி, பன்னி ஈரல்னு ஏதாவது ஒரு புரதம் இருக்கும், பூச்சி மருந்துலயும் அப்படித்தான். ட்ரையல் முடியற வரைக்கும் கழுத்துல ஊத்துற சொட்டு மருந்துக்கு மாறுங்கன்னாங்க. அம்மா கிட்ட மன்னிப்பு கேக்க போனேன், அவங்க ரெண்டு நாள் என்கிட்ட பேசல, மணி கிட்ட மட்டும் பேசுனாங்க, எனக்கு கேக்கற மாதிரி.

சமாதானத்துக்கு ஒரு வழி கண்டுபிடிச்சோம். காலையில அவன் நாள் பூராவுக்குமான சாப்பாட்ட எடை போட்டுட்டு, அதுல ஒரு கைப்பிடிய எடுத்து ஒரு சின்ன டப்பாவுல போட்டு அம்மாகிட்ட குடுத்துடுவேன். அவங்க சாப்பிடறப்ப அதுல இருந்து ஒவ்வொண்ணா ஊட்டுவாங்க. மணிக்கு தட்டுல இருக்கறதும் அம்மா கையில இருக்கறதும் ஒரே சாப்பாடுன்னு தெரியவே தெரியாது, தட்டுல இருக்கறத விட்டுட்டு அங்க போய் வால ஆட்டுவான்.

சாப்பாடு மட்டும் போதல, மார்க் 12ல இருந்து 6க்கு வந்து அங்கயே நின்னுடுச்சு. மயக்க மருந்து குடுத்து எண்டோஸ்கோப்பியில குடல்ல இருந்து துணுக்கு எடுத்து பயாப்சிக்கு அனுப்புனாங்க, லிம்போசைட், பிளாஸ்மா செல்னு எதிர்ப்பு சக்தியோட செல்லுங்க குடல் சுவர்ல நெறைஞ்சு கெடக்கு, கேன்சர் இல்லன்னு வந்துச்சு. இருக்கறதுலயே அதிகமா பாக்கற வகை இது தானாம். அப்புறம் ப்ரெட்னிசோலோன்ங்கற ஸ்டீராய்டு, கிலோவுக்கு 1 மில்லிகிராம் கணக்குல.

ஸ்டீராய்டு பத்தி யாரும் முழுசா சொல்றதில்ல. வயிறு நாலே நாள்ல அடங்குச்சு, ஆனா வேற நாய் ஒண்ணு வீட்டுக்கு வந்த மாதிரி ஆயிடுச்சு. வாளியில தண்ணி குடிப்பான், ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை ஒண்ணுக்கு, பன்னெண்டு மணிக்கும் ரெண்டு மணிக்கும் அலாரம் வச்சு எந்திரிப்பேன். மூச்சு வாங்குறது வேற. பசின்னா அப்படி ஒரு பசி, தம்பியோட சாக்ஸ மோந்து பாத்துக்கிட்டு நின்னான். தொடையில சதை கரைஞ்சுது. பொறுக்க முடியாம நிறுத்திடலாமான்னு கேட்டதுக்கு டாக்டர் முதல் தடவையா குரல ஒசத்துனாங்க, வெளியில இருந்து ஸ்டீராய்டு வர்றதால உடம்பு தன்னோடத சுரக்கறத குறைச்சிருக்கும், சட்டுனு நிறுத்துனா நாய் சுருண்டு விழுந்துடும்னு. வலி மாத்திரையும் கூட சேர்த்து குடுத்துடாதீங்க, வயித்துல புண்ணாயிடும்னாங்க. மூணு வாரத்துக்கு ஒரு தடவை கால்வாசி கால்வாசியா குறைச்சு, அப்புறம் ஒரு நாள் விட்டு ஒரு நாள்னு ஆக்கி முழுசா நிறுத்த ஏழு மாசம் ஆச்சு. எல்லா நாய்க்கும் நிறுத்த முடியறதில்ல, சிலதுக்கு வேற மருந்தும் சேக்க வேண்டியிருக்கும், எங்களுக்கு அதிர்ஷ்டம்.

அதே மெட்ரோனிடசோல பத்தியும் கேட்டேன். நல்லது பண்ற கிருமியையும் சேர்த்து கொல்லும், நிறுத்துனா திரும்ப வரும், அதனால இப்பல்லாம் எடுத்த எடுப்புல ஆன்டிபயாட்டிக் குடுக்கறது குறைஞ்சுட்டு வருதுன்னாங்க. "இந்த பொடிய போடுங்க, நிரந்தரமா குணமாயிடும்"னு சொல்றவங்களுக்கு நான் பதில் சொல்றத நிறுத்திட்டேன். இது குணமாகற சமாச்சாரம் இல்ல, அடங்கி இருக்கும், எப்பவாவது தலை தூக்கும்.

போன மாசம் தூக்குச்சு. வீட்டுக்கு வந்த ஒரு குட்டிப்பையன் தன் பன்னுல பாதிய மணிக்கு ஊட்டிட்டான், அவனை என்ன சொல்ல முடியும், சந்தோஷமா கைதட்டிட்டு இருந்தான். மூணு நாள் 5, 6, 5. நாலாவது நாள் 4. முன்னாடியா இருந்தா நடு ராத்திரியில அவன தூக்கிட்டு ஓடியிருப்பேன், இப்ப நோட்ட முன்னாடி பொரட்டி போன தடவை எத்தனை நாள்ல எறங்குச்சுன்னு பாத்துட்டு, தண்ணி குடிக்கிறானா, ஈறு ரோஸ் கலர்ல இருக்கான்னு பாத்துட்டு படுத்துட்டேன். தூக்கம் வரலங்கறது வேற விஷயம்.

இன்னைக்கு எடை 21.4, மார்க் 1. அந்த ஒண்ணும் ஓரத்துல கொஞ்சம் சாஃப்டா இருந்துச்சேன்னு நான் போட்டது, அம்மா எட்டிப்பாத்துட்டு "சும்மா சைபர் போடுடி, பாவம்"ங்கறாங்க.