சனிக்கிழமை பைத்தான் வகுப்பு: சுங்கை சிப்புட் நாட்குறிப்பு

5 ஜூலை 2025, சனி

இன்று, கணினி நிரல் மொழியான பைத்தானில் மாறிகளுக்கு (மதிப்பை வைத்திருக்கும் இடங்களுக்கு) பெயர் வைப்பது மட்டும்தான். ரப்பர் தோட்டத்துக் கிராணியின் (எழுத்தரின்) செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், தலைப்பில்லாத கட்டம் இருக்காது. நிரலும் அப்படி இருக்க வேண்டும். மாறிகளுக்கு அ, ஆ, இ என்று பெயர் வைத்தால், அடுத்த வாரம் எழுதியவருக்கே புரியாது. பைத்தான் 3-இல் தமிழிலேயே பெயர் வைக்கலாம்: பால்_எடை (ரப்பர் பாலின் எடை), டிஆர்சி (பாலில் உள்ள உலர் ரப்பரின் விழுக்காடு), உலர்_எடை. நடுவில் இடைவெளி கூடாது, அடிக்கோடு போடலாம். எண்ணில் தொடங்கக் கூடாது. வேலைக்குப் போனால் ஆங்கிலப் பெயர்தான் கேட்பார்கள். ஆனாலும் பழக்கம் படியும்வரை தமிழே நல்லது என்பது எங்கள் முடிவு.

கணக்கை முதலில் தாளில் போடச் சொன்னோம். பால் 25 கிலோ, டி.ஆர்.சி. 32 விழுக்காடு, உலர் ரப்பர் 8 கிலோ. விடை கையில் இல்லாவிட்டால், திரையில் வருவது சரியா தப்பா என்று எதை வைத்துச் சொல்வது?

12 ஜூலை, சனி

முதல் வாளி 12 கிலோ, இரண்டாம் வாளி 13 கிலோ. இரண்டையும் கூட்டினால் திரையில் 1213!

நாம் தட்டுவதை வாங்கும் இன்புட் கட்டளை எதை வாங்கினாலும் எழுத்தாகவே தரும். எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் பைத்தான் ஒட்டிவிடும். நிரல் நிற்கவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. அதனால்தான் இந்தத் தவறு ஆபத்தானது. தாளில் 25 என்று எழுதி வைத்திருந்தவர்கள் உடனே பிடித்துவிட்டார்கள். வாங்கும் வரியிலேயே எண்ணாக மாற்றிவிட வேண்டும். முழு எண்ணாக மாற்றும் இன்ட் போட்டால் 12.5 என்று தட்டியதும் நிரல் நின்றுவிடும், எடைக்குத் தசம எண்ணாக மாற்றும் ஃப்ளோட்தான்.

பிழைச் செய்தி வந்தால் கடைசி வரியை முதலில் படிக்க வேண்டும், பிறகு வரி எண்ணைப் பார்க்க வேண்டும். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம், உடனே ஓட்டிப் பார்ப்பது. மூன்று இடத்தில் கை வைத்தால் எது சரிசெய்தது என்றே தெரியாது.

19 ஜூலை, சனி

வரியின் தொடக்கத்தை உள்தள்ள நான்கு ஸ்பேஸ். டேப்பும் ஸ்பேஸும் கலந்தால் பைத்தான் 3 ஓட மறுக்கும், கண்ணுக்கோ இரண்டும் ஒன்றாகவே தெரியும். கோப்புக்கு ராண்டம் என்று பெயர் வைக்காதீர்கள். அது பைத்தானோடு வரும் ஆயத்த நிரல் நூலகம் ஒன்றின் பெயர்; பைத்தான் அதை விட்டு உங்கள் கோப்பை எடுத்துக்கொள்ளும்.

26 ஜூலை, சனி

காசுக் கணக்கு. 0.1-உடன் 0.2-ஐக் கூட்டினால் பைத்தான் 0.30000000000000004 என்கிறது. ஃப்ளோட் இரண்டடி எண்ணில் (0, 1 மட்டும் கொண்ட எண்முறையில்) சேமிப்பதால் 0.1 முழுமையாக அடங்குவதில்லை. ஆகவே பணத்தை வெள்ளியில் (ரிங்கிட்டில்) அல்ல, முழுக் காசில் வைக்க வேண்டும்: 10 வெள்ளி 35 காசு என்றால் 1035.

2008 ஏப்ரல் முதல் மலேசியாவில் ரொக்கப் பில்லின் மொத்தத்தை 5 காசுக்குச் சரிக்கட்டுகிறோம். கடைசி இலக்கம் 1, 2 என்றால் கீழே போகும். 3, 4 ஐந்தாகும். 6, 7-உம் ஐந்தாகும். 8, 9 மேலே போகும். நிரலில் ஒரே வரி: 2 கூட்டி, 5-ஆல் வகுத்து, மீதியைத் தள்ளி, மறுபடி 5-ஆல் பெருக்கு.

2-க்குப் பதில் 3 கூட்டியவர்களும் உண்டு. 1001, 1004 இரண்டை மட்டும் சோதித்து, சரி என்று மூடிவிட்டார்கள். 1000 முதல் 1009 வரை பத்தையும் ஓட்டச் சொன்னோம். 1002-உம் 1007-உம் மாட்டின.