பால் ஊற்றியது நான், ஓட்டு மட்டும் வீட்டுக்காரருக்கு

உசிலம்பட்டிப் பக்கம் எங்கள் ஊர். வீட்டில் இரண்டு கறவை மாடு. விடியுமுன் எழுந்து பால் கறந்து, தூக்குவாளியோடு சங்கத்துக்கு நடப்பது நான்தான். வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருந்தார், மாதம் ஒரு தடவை வருவார். ஆனால் பால் உற்பத்தியாளர்கள் சங்கத்தில் உறுப்பினர் அவர்தான். பாஸ் புத்தகம், பங்குத் தொகை, போனஸ் எல்லாமே அவர் பேரில்.

அது எனக்கு உறைத்தது 2016-ல். வருஷத்துக்கு ஒரு தடவை வரவு செலவு வாசிக்கிற பேரவைக் கூட்டம். பாலில் கொழுப்பும் இதரச் சத்தும் எவ்வளவு இருக்கிறதோ அதை வைத்துத்தான் விலை போடுகிறார்கள். அந்த அளவைத் தினமும் சீட்டில் எழுதிக் கொடுத்தால் என்ன என்று எழுந்து கேட்டேன். "உறுப்பினர் வந்து கேக்கட்டும் மதினி" என்றார் செயலாளர். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. விதிப்படி அவர் சொன்னது சரிதான். அதனால்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

வீட்டுக்காரரிடம் பேசி, அவர் விலகல் கடிதம் கொடுத்தார், நான் சேர்வதற்கு விண்ணப்பம் கொடுத்தேன். சேர்ப்பதா வேண்டாமா என்று தீர்மானம் போடுவது நிர்வாகக் குழு. யாருக்கு ஓட்டு இருக்கலாம் என்பதை, அந்த ஓட்டில் ஜெயித்து வந்தவர்களே முடிவு செய்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது. என் தாள் மாதக்கணக்கில் மேஜை டிராயரில் கிடந்தது. கேட்டால் "அடுத்த கூட்டத்துல வைக்கிறோம்" என்ற பதில்தான். கடைசியில் அதே விண்ணப்பத்தை ஒப்புகை அட்டையோடு பதிவுத் தபாலில் சங்கத்துக்கே அனுப்பினேன். பால்வளத் துணைப் பதிவாளருக்கு ஒரு நகல். அதற்கு அடுத்த கூட்டத்தில் தீர்மானம் ஆகிவிட்டது. உறுப்பினர் எண் கையில் கிடைத்த அன்று எங்கள் தெருவில் பால் ஊற்றுகிற பெண்களிடம் போய், நீங்களும் எழுதிக் கொடுங்கள் என்றேன். ஒன்பது பேர் கொடுத்தார்கள்.

2018-ல் தேர்தல் வந்தது. கூட்டுறவுத் தேர்தலை இப்போது அதற்கென்றே உள்ள மாநிலத் தேர்தல் ஆணையம் நடத்துகிறது. எங்கள் நிர்வாகக் குழுவுக்குப் பதவிக்காலம் ஐந்து வருஷம். இடங்களில் 30 சதவீதம் பெண்களுக்கு, 18 சதவீதம் ஆதிதிராவிடர், பழங்குடியினருக்கு. எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு ஓட்டுதான். வேட்புமனு, பரிசீலனை, வாபஸ் எல்லாம் பஞ்சாயத்துத் தேர்தல் மாதிரிதான், அதில் புதுசாகச் சொல்ல ஒன்றுமில்லை.

ஆனால் வாக்காளர் பட்டியலைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். வரைவுப் பட்டியலைச் சங்கச் சுவரில் ஒட்டினார்கள். ஒன்பது பெண்களில் இரண்டு பேர் பெயர் இல்லை. எங்கள் துணை விதிப்படி வருஷத்தில் இத்தனை நாளாவது பால் ஊற்றியிருந்தால்தான் ஓட்டு. ஒரே மாடு வைத்திருக்கிறவள் வீட்டில் மாடு சினையாகிப் பால் வற்றினால் நாள் கணக்குக் குறைந்துவிடுகிறது. ஐந்து மாடு வைத்திருக்கிறவருக்கு இந்தக் கவலையே கிடையாது. இந்த விதியில் எனக்கு இன்றைக்கும் உடன்பாடில்லை. ஒருத்தி பேரைப் பால் பதிவேட்டைக் காட்டிச் சேர்க்க வைத்தோம், நாளைத் தப்பாகக் கூட்டியிருந்தார்கள். இன்னொருத்திக்கு நிஜமாகவே நாள் குறைவு, ஒன்றும் செய்ய முடியவில்லை.

ஓட்டுப் பதிவே நடக்கவில்லை. மந்தையில் பெரியவர்கள் உட்கார்ந்து இன்னார் இன்னார் என்று பேசி முடித்தார்கள். இருக்கிற இடத்துக்குச் சரியாக அத்தனை மனுதான் மிஞ்சியது. பெண்கள் இடத்தில் ஒன்றுக்கு யாரைப் போடுவது என்று வந்தபோது, "அந்தப் பிள்ளை எழுதப் படிக்கத் தெரிஞ்சது, இருந்துட்டுப் போகட்டும்" என்று எங்கள் சின்னய்யா சொன்னாராம். அப்படித்தான் நான் நிர்வாகக் குழுவில் உறுப்பினர், அதாவது இயக்குநர் ஆனேன். அப்புறம் இன்னொரு நாள் கூடி, இயக்குநர்கள் எங்களுக்குள்ளேயே தலைவரையும் துணைத் தலைவரையும் தேர்ந்தெடுத்தோம்.

இரண்டாவது மாதமே தீர்மானப் புத்தகம் வீடு தேடி வந்தது. கூட்டம் நடந்ததாக எழுதி எல்லோரும் கையெழுத்துப் போட்டிருந்தார்கள், என் இடம் மட்டும் காலி. கூட்டமே நடக்கவில்லையே அண்ணே என்றேன். "எப்பவும் இப்படித்தான் மதினி, எல்லாரையும் ஒண்ணு சேர்க்க முடியுமா?" என்றார் புத்தகம் கொண்டு வந்தவர். அவர்மேல் தப்பில்லை, வழக்கம் அப்படி. ஆனால் நான் போடவில்லை. அதற்கு முந்தைய வாரம்தான் தணிக்கைக்கு வந்த அலுவலரிடம் இயக்குநர் கையெழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டு வைத்திருந்தேன். கூட்டுறவுச் சட்டம் 87-வது பிரிவில் தண்டத்தீர்வை என்று ஒன்று இருக்கிறது, தெரிந்தே அசட்டையாக இருந்து சங்கத்துக்கு நட்டம் வந்தால் இயக்குநர் சொந்தப் பணத்திலிருந்து கட்ட வேண்டும் என்று சொன்னார். நான் இதைச் சொன்னதும் மற்ற இயக்குநர்களும் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். அதற்கப்புறம் மாதா மாதம் நிஜமாகவே கூடினோம். சாயங்காலப் பால் எடுத்து முடிந்ததும், சங்கக் கட்டடத்துத் திண்ணையில். உள்ளூர் விற்பனை எத்தனை லிட்டர், தீவனக் கடன் யார் யார் பாக்கி என்று செயலாளர் வாசிப்பார், நாங்கள் கேட்ட பிறகுதான் கையெழுத்து.

சீட்டு விஷயம் 2019-ல்தான் நடந்தது. அந்த ஆகஸ்டில் அரசு பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 28-லிருந்து 32 ரூபாயாக்கியது. பட்டுவாடா அன்று, 32 என்றார்களே, எனக்கு ஏன் அவ்வளவு வரவில்லை என்று ஊரே வந்து நின்றது. அந்த விலை குறிப்பிட்ட சத்து உள்ள பாலுக்கு, நம் பாலில் சத்து குறைந்தால் விலையும் குறையும் என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் யார் நம்புவார்கள்? தினமும் கொழுப்பு, இதரச் சத்து, விலை மூன்றையும் எழுதிக் கொடுப்பது என்று தீர்மானம் வைத்தேன். எதிர்ப்பே இல்லாமல் நிறைவேறியது. முதல் சீட்டை வாங்கினபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

2023-ல் எங்கள் காலம் முடிந்து, சங்கம் அரசு நியமித்த தனி அலுவலர் பொறுப்புக்குப் போனது. பொழுது விடிந்தால் இப்போதும் பால் ஊற்றத்தான் போகிறேன். போன வாரம் கீழத்தெருவிலிருந்து மூன்று பேர் உறுப்பினர் விண்ணப்பம் எழுதித் தரச் சொல்லி வந்தார்கள். எழுதிக் கொடுத்து, ஒப்புகை வாங்காமல் தாளைக் கொடுத்துவிட்டு வராதீர்கள் அக்கா என்று சொல்லி அனுப்பினேன்.