லைப்ரரியை அப்டேட் செய்தது போதவில்லை

2022 நவம்பர் கடைசியில், புரோகிராம்கள் தங்களுக்குள் தரவை மெசேஜாக அனுப்பிக்கொள்ள உதவும் கேப்ன் புரோட்டோ என்ற சி++ லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை என்று அறிவிப்பு வந்தபோது, சர்வர்களில் லைப்ரரியின் புதிய பதிப்பை ஏற்றிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டோம். இரண்டு நாள் கழித்து அறிவிப்பை நிதானமாகப் படித்தபோது பகீரென்றது. பிழை இருந்தது இன்லைன் ஆகும் கோடில். அதாவது நாங்கள் கம்பைல் செய்த அன்றே அது எங்கள் பைனரிக்குள் போய் உட்கார்ந்துவிட்டது, வெளியே ஷேர்ட் லைப்ரரியை எத்தனை முறை மாற்றினாலும் உள்ளே இருப்பது பழையதுதான்.

இந்த லைப்ரரியின் வேகத்துக்குக் காரணமே, வந்த பைட்டுகளைப் பிரித்து வேறொரு வடிவத்துக்கு மாற்றாமல் இருந்த இடத்திலேயே படிப்பதுதான். மெசேஜுக்குள்ளேயே பாயின்டர்கள், அதாவது தரவு எங்கே இருக்கிறது என்று காட்டும் எண்கள், இருக்கும். அனுப்புகிறவன் என்ன எழுதினானோ அதுதான். அதனால் ஒவ்வொரு பாயின்டரும் மெசேஜின் எல்லைக்குள் நிற்கிறதா என்று பார்த்தே ஆகவேண்டும், ஒரே ஒரு இடத்தில் அந்தச் சோதனை தவறினாலும் பக்கத்து மெமரியில் இருப்பது தெரிந்துவிடும்.

2015-இல் பாதுகாப்பு வல்லுநர் பென் லாரி கண்டுபிடித்ததும் இப்படி ஒன்றுதான். பட்டியலில் எத்தனை உறுப்புகள், ஒவ்வொன்றும் எத்தனை வேர்டு (எட்டு பைட்) என்று பெருக்கி, அது இருக்கும் இடத்துக்குள் அடங்குமா என்று பார்க்கும் கோடு. 65,536-ஐ 65,536-ஆல் பெருக்கிப் பாருங்கள், 32 பிட்டில் அடங்காமல் வழிந்து விடை பூஜ்யம் ஆகிவிடும். பூஜ்யம் எங்கேயும் அடங்கும், சோதனை தாண்டிவிடும். அதன்பிறகு இந்த லைப்ரரியை உருவாக்கிய கென்டன் வார்டா, இப்படிப்பட்ட கணக்குகள் வழிந்துவிடாது என்பதை சி++ டெம்ப்ளேட்டுகளை வைத்துக் கம்பைல் நேரத்திலேயே சரிபார்க்கும் முறையைக் கொண்டுவந்தார். எனக்கு மிகவும் பிடித்த வேலை அது.

அப்படியும் 2022-இல் வேறு வழியாக வந்தது. ஸ்ட்ரக்ட்களின் (பல புலங்கள் சேர்ந்த தொகுப்புகளின்) பட்டியலைப் பாயின்டர்களின் பட்டியலாகப் படிக்கும்போது பாயின்டரைக் கையாளும் விதம் இடத்துக்கு இடம் முரண்பட்டது, அந்த இடுக்கில் எல்லைச் சோதனை நழுவியது. அப்படிப்பட்ட பட்டியல்களைச் செயலி குறிப்பிட்ட சில விதங்களில் கையாண்டால்தான் ஆபத்து, ஆனால் கையாண்டால் கிராஷ் ஆகலாம், மெமரியும் கசியலாம். கண்டுபிடித்தவர் இதே லைப்ரரியின் ரஸ்ட் மொழிப் பதிப்பைப் பராமரித்த டேவிட் ரென்ஷா, தாறுமாறான உள்ளீடுகளைக் கொடுத்துப் பிழை தேடும் தன் ஃபஸ்ஸரை ஓட்டும்போது. அந்த ரஸ்ட் பதிப்பிலும் அதே பிழை இருந்தது! மெமரிப் பிழைகளைத் தடுப்பதற்குப் பெயர்போன மொழி ரஸ்ட், ஆனால் உள்ளே அன்சேஃப் கோடில் (அந்தப் பாதுகாப்பைத் தளர்த்தி எழுதும் பகுதியில்) பாயின்டர் கணக்கு போட்டால் அதுவும் காப்பாற்றாது.

பிழை திருத்தப்பட்ட பதிப்புகள்: சி++ என்றால் 0.7.1, 0.8.1, 0.9.2, 0.10.3, ரஸ்ட் என்றால் 0.13.7, 0.14.11, 0.15.2. உங்கள் புரோகிராம் இவற்றிலோ, அந்தந்த வரிசையில் இவற்றுக்குப் பிந்தைய பதிப்பிலோ கம்பைல் ஆனதா என்று பாருங்கள். சர்வரில் எந்தப் பதிப்பு இருக்கிறது என்று பார்ப்பதோடு விட்டுவிடாதீர்கள், பைனரி எந்தத் தேதியில் பில்ட் ஆனது என்று பாருங்கள். எங்களிடம் ஒரு சின்ன புரோகிராம், 2020-க்குப் பிறகு யாரும் அதைத் தொடவில்லை, வெளியிலிருந்து வரும் மெசேஜை முதலில் வாங்குவதே அதுதான். அதை மறுபடி பில்ட் செய்து ஏற்ற மூன்று நாள் ஆனது.