எஸ்போசிட்டோ குடும்பத்தின் முதல் ஆள்

என் கணவர் வீட்டின் குடும்பப் பெயர் எஸ்போசிட்டோ. நேப்பிள்ஸ் பக்கம் தடுக்கி விழுந்தால் ஓர் எஸ்போசிட்டோ மேல்தான் விழ வேண்டும். காம்பானியா மாநிலத்திலேயே அதிகம் பேருக்கு உள்ள குடும்பப் பெயர் அது. அதன் பொருளும் ஊரறிந்ததுதான்: வெளியே விடப்பட்ட குழந்தை. என் மாமனார் மட்டும் இதை ஒப்புக்கொள்ள மாட்டார். நேப்பிள்ஸை ஸ்பானியர்கள் ஆண்ட காலத்தில் வந்திறங்கிய ஒரு படைத்தலைவனின் வம்சம் நாங்கள் என்பார். ஆதாரமாக, சுற்றுலாக் கடையில் வாங்கிய குலச்சின்னம் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் வரவேற்பறையில் தொங்குகிறது. அந்தக் கடையில் எந்தப் பெயரைச் சொன்னாலும் ஒரு சிங்கமோ கழுகோ போட்டுக் கொடுப்பார்கள்.

சரி, காகிதம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம் என்று ஒரு குளிர்காலத்தில் நான் இறங்கினேன். இத்தாலியில் இதற்குப் பெரிய செலவு கிடையாது. அரசு ஆவணக் காப்பகங்கள் சேர்ந்து நடத்தும் 'அன்ட்டெனாட்டி' என்ற இணையதளத்தில் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளின் படங்களை இலவசமாகவே பார்க்கலாம். நேப்பிள்ஸ் அரசில் 1809-இல், நெப்போலியன் காலச் சட்டப்படி, அரசுப் பதிவு தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்குத் தேவாலயப் பதிவேடுதான் கதி.

பல ஊர்களுக்குப் பெயரைத் தட்டித் தேடும் வசதி வந்துவிட்டது. ஆனால் எஸ்போசிட்டோ என்று தட்டிப் பயனில்லை; ஒரே ஆண்டில், ஒரே ஊரில், ஒரே முதற்பெயரோடு பலர் வந்து நிற்பார்கள். காரணம் இருக்கிறது. மூத்த மகனுக்கு அப்பாவின் அப்பா பெயரை வைப்பது தென் இத்தாலியில் பழைய வழக்கம். நான்கு அண்ணன் தம்பிகளுக்கு மகன் பிறந்தால், நால்வருக்கும் தாத்தா பெயர்தான். அதனால் கணவன் பெயரை விட்டுவிட்டு மனைவியின் பெயரைப் பிடித்துக்கொண்டு போனேன். இத்தாலியில் பெண்கள் கல்யாணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரையே ஆவணங்களில் வைத்துக்கொள்கிறார்கள். ஒரு தலைமுறை விடாமல் வழி காட்டியது அந்தப் பெண்களின் பெயர்கள்தான்.

கையெழுத்தைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். படிவம் அச்சிட்டது, வெற்றிடத்தை மட்டும் எழுத்தர் நிரப்பியிருப்பார். நாலைந்து பக்கம் பார்த்தால் எந்த வரியில் எது வரும் என்று பழகிவிடும். பொறி வைப்பது மாதப் பெயர்தான். 7 போட்டுப் பக்கத்தில் 'ப்ரே' என்று இருந்தால் ஜூலை இல்லை, செப்டம்பர். 8 என்றால் அக்டோபர். அப்புறம், தந்தையின் பெயருக்கு முன் வரும் சிறு சொல்லைக் கவனிக்க வேண்டும். 'தி' என்றால் அப்போது அவர் உயிரோடு இருந்தார். 'ஃபு' என்றால் இறந்துவிட்டார். இறப்புப் பதிவை எந்த ஆண்டுகளுக்குள் தேடுவது என்பதை இந்த ஒரு சொல்லே பாதியாகக் குறைத்துவிடும்.

மாமனாரின் முன்னோர்கள் தோரே தெல் கிரேக்கோவில் இருந்தவர்கள். வெசூவியஸ் மலைக்குக் கீழே, பவளத் தொழிலுக்குப் பேர்போன கடற்கரை ஊர். பதிவுகளில் தலைமுறை தலைமுறையாக 'கடலோடி' என்றே வருகிறது. படைத்தலைவன் யாரும் கண்ணில் படவில்லை. 1823-இல் பிறந்த ஒருவர் வரை வந்தபோதுதான் ஓர் இடறல். மூத்த மகன் அவர்; ஆனால் அவருக்கு வைத்திருந்தது அம்மாவின் அப்பா பெயர். அந்த ஊரில், அந்தக் காலத்தில், அப்பா வழித் தாத்தாவை விட்டுவிட்டு அப்படி வைப்பது சாதாரணமில்லை. வைக்க அப்பா வழியில் ஒரு பெயரே இல்லையோ என்று எனக்கு அப்போதே தோன்றியது.

அதை உறுதிப்படுத்தியது திருமணக் கட்டு. பதிவேட்டில் ஒரு பக்கம் மட்டும் இருக்க, மணமக்கள் கொடுத்த துணைக் காகிதங்களைத் தனியாகக் கட்டி வைத்திருப்பார்கள். 'ப்ரொசெஸெட்டி' என்று பெயர். தேடுகிறவர்களுக்கு இதுதான் புதையல். மணமகனின் தந்தை இறந்திருந்தால் அவருடைய இறப்புச் சான்று, கூடவே தந்தை வழித் தாத்தாவின் இறப்புச் சான்றும் கேட்பார்கள். ஒரே கட்டில் மூன்று தலைமுறை கிடைத்துவிடும். 1823-இல் பிறந்தவரின் பெற்றோருடைய கட்டைத் திறந்தேன். மணமகள் பக்கம் காகிதம் காகிதமாக வந்தது. மணமகன் பக்கம் ஞானஸ்நானப் பதிவின் நகல் ஒன்றுதான். 1797, நேப்பிள்ஸ் நகரத்து அனுன்சியாட்டா இல்லம், பெற்றோர் அறியப்படாதவர்கள்.

அனுன்சியாட்டா 14-ஆம் நூற்றாண்டில் தொடங்கிய நிறுவனம். அதன் சுவரில் ஒரு திறப்பு. உள்ளே சுழலும் மர உருளை. வெளியிலிருந்து குழந்தையை வைத்துத் திருப்பினால் உள்ளே இருப்பவர் எடுத்துக்கொள்வார். யார் வைத்தது என்று இரு பக்கமும் பார்த்துக்கொள்ள முடியாது. குழந்தைகளைச் சுற்று வட்டாரத்துப் பாலூட்டும் பெண்களிடம் கூலிக்கு வளர்க்கக் கொடுப்பார்கள். எங்கள் ஆள் கடற்கரை ஊருக்கு வந்து சேர்ந்தது அப்படித்தான் இருக்கும் என்பது என் ஊகம். 'மாதாவின் பிள்ளைகள்' என்று மக்கள் இவர்களை அழைத்தார்கள். அந்தப் பேச்சில் இழிவு இல்லை. குடும்பப் பெயரில்தான் இருந்தது. முரா என்ற பிரெஞ்சுக்காரர் நேப்பிள்ஸை ஆண்டபோது, இப்படி விடப்பட்ட பிள்ளைகளுக்கு எஸ்போசிட்டோ என்று வைக்கக் கூடாதென்று தடை வந்தது. அதன்பின் எழுத்தர்கள் ஆளுக்கொரு பெயரை உருவாக்கினார்கள். 1852-இல் இதே உருளையில் விடப்பட்ட ஒரு குழந்தைக்கு ஜெனிட்டோ என்று வைக்க நினைத்து, எழுதும்போது ஜெமிட்டோ ஆகிவிட்டது. பின்னாளில் புகழ்பெற்ற சிற்பி வின்சென்சோ ஜெமிட்டோ அவர்தான். உருளை 1875-இல் மூடப்பட்டது.

இது நேப்பிள்ஸின் கதை மட்டுமில்லை. மிலான் மருத்துவமனையின் சின்னம் புறா. அங்கே விடப்பட்டவர்கள் கொலம்போ. ஃபிளாரன்ஸில் இன்னொசென்டி, ரோம் பக்கம் ப்ரொயெட்டி. எல்லா எஸ்போசிட்டோவும் அனுன்சியாட்டாவிலிருந்து வந்தவர்களும் இல்லை. தெற்கில் பல சிற்றூர்களில் இதே மாதிரி உருளை இருந்தது. ஆகவே இரண்டு எஸ்போசிட்டோக்கள் உறவினர்களாக இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

அச்சிட்ட தாள்களை மாமனாரிடம் கொடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தார். "ஸ்பானியன் ஒருத்தன் கொண்டுவந்து வைத்திருக்கலாம் இல்லையா?" என்றார். இல்லை என்று நிரூபிக்க என்னிடம் காகிதம் ஏது? குலச்சின்னம் அதே இடத்தில்தான் இருக்கிறது. ஆனால் அவரே முன்வந்து எங்களை அனுன்சியாட்டாவுக்கு அழைத்துப்போனார். உருளையை இன்றும் அங்கே பார்க்கலாம். நான் நினைத்ததைவிடச் சிறியது.

இப்போது கணவர் வழிச் சொந்தங்கள் எல்லாம் எனக்குப் போன் செய்கிறார்கள், தங்கள் கிளையையும் தேடித் தரச் சொல்லி. எஸ்போசிட்டோ என்பதை விடுங்கள், உங்கள் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயர் என்ன, எந்த ஊர் என்று கேட்கிறேன். பாதிப் பேருக்குத் தெரியவில்லை.