ஊர்ப்பெயரில் முகவரி: மண்டபம் நாட்குறிப்பு

ஜூன் 3, 2025

விசைப்படகுகள் எல்லாம் கரையில்தான் நிற்கின்றன. நாட்டுப்படகுகள் மட்டும் போய் வருகின்றன. 14-ஆம் தேதியோடு மீன்பிடித் தடைக்காலம் முடிகிறது. அதற்குள் நான் கட்டும் மீன் விலை இணையதளம் ஓடியாக வேண்டும். பாம்பன், மண்டபம், தொண்டி, ஏர்வாடி என்று ஒவ்வொரு துறைக்கும் தன் பெயரிலேயே முகவரி: ஊர்ப்பெயர், ஒரு புள்ளி, அப்புறம் தளத்தின் பெயர். ஊரைத் தளப் பெயருக்கு அடுத்து வரும் சாய்வுக்கோட்டுக்கு (/) பின்னால் போட்டாலும் வேலை நடக்கும். ஆனால் பாம்பன்காரருக்குப் பாம்பன் முதலில் வர வேண்டும். ஐஸ் பெட்டி மேல் பெயிண்டில் எழுதி வைக்கிற மாதிரி இருக்க வேண்டும்.

ஜூன் 5

எத்தனை ஊர் வந்தாலும் சர்வர் ஒன்றுதான். தளப் பெயரைச் சர்வரின் எண் முகவரியாக (ஐபி) மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸில் நட்சத்திரக் குறி (*) போட்ட ஒரே பதிவு, எந்த ஊரைக் கேட்டாலும் அதே ஐபியைக் கொடுக்கும். வந்தவர் எந்த ஊரைக் கேட்டார் என்பது பிரவுசர் கோரிக்கையோடு அனுப்பும் 'ஹோஸ்ட் ஹெடர்' என்ற வரியில் இருக்கிறது. பிரவுசரும் சர்வரும் பேசும் விதிமுறையான எச்டிடிபியின் 1.1 பதிப்பு, 1997-இல் வந்தது, அதைக் கட்டாயமாக்கியது. அது இல்லாமல் வந்தால் சர்வர் 400 (தவறான கோரிக்கை) என்று திருப்பிவிட வேண்டும்.

தளத்தை லாராவெல் என்ற பிஎச்பி கட்டமைப்பில் எழுதுகிறேன். எந்த முகவரிக்கு எந்தப் பக்கம் என்று சொல்லும் விதிக்கு அதில் ரூட் என்று பெயர். ரூட் குழுவுக்கு டொமைன் (தளப் பெயர்) கொடுக்கும்போது ஊர் வரும் இடத்தில் ஒரு மாறியை வைத்தால் போதும். 'தொண்டி' என்ற சொல் அப்படியே, பக்கத்தைத் தயாரிக்கும் நிரலான கண்ட்ரோலருக்கு வந்து சேர்கிறது. ஊர் ரூட்டுகளை முதலிலும் முகப்புத் தள ரூட்டுகளைப் பிறகும் பதியச் சொல்கிறது அதன் ஆவணம். காரணம் உண்டு: டொமைன் குறிப்பிடாத ரூட் எந்த ஹோஸ்டுக்கும் பொருந்தும். அது முன்னால் நின்றால் தொண்டி விலை கேட்டவருக்கு முகப்புப் பக்கம் போய்விடும்.

மெயில், அட்மின், ஏபிஐ போன்ற பெயர்களை ஊராக எடுத்துக்கொள்ளாதபடி மாறிக்கு நிபந்தனையும் போட்டாயிற்று. டேட்டாபேஸின் ஊர் டேபிளில் இல்லாத ஊருக்கு 404, அதாவது 'பக்கம் இல்லை'.

ஜூன் 6

காலையிலிருந்து கச்சான் காற்று, கூடவே கரண்ட் கட். சொந்தக் கணினியில் சோதிக்க, பெயருக்கு ஐபி எழுதி வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் நட்சத்திரம் செல்லாது, ஊர் ஊராக எழுத வேண்டும். சொந்தக் கணினியைக் குறிக்கும் 'லோக்கல்ஹோஸ்ட்' என்ற பெயருக்கு முன்னால் ஊர்ப்பெயரும் புள்ளியும் போட்டால் குரோம் தானாகவே நம் கணினிக்கு வந்துவிடுகிறது. அதுவே போதும்.

ஜூன் 9

இன்று முழுக்க செஷன் குக்கீ, அதாவது லாகின் செய்தவரை அடையாளம் காணப் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு. இந்த வேலையில் கவனம் அதிகம் கேட்பது இதுதான். குக்கீக்கு டொமைன் கொடுக்காமல் விட்டால் பாம்பனில் லாகின் செய்தவர் பாம்பனில் மட்டும்தான் உள்ளே இருப்பார். தாய் டொமைனை, அதாவது ஊர்ப்பெயர் இல்லாத தளப் பெயரைக் கொடுத்தால் எல்லா ஊருக்கும் அதே லாகின். நண்டு வியாபாரிகள் மூன்று நான்கு துறையில் எடுப்பவர்கள்; துறைக்குத் துறை பாஸ்வேர்டு போடச் சொல்வது நியாயமில்லை. அதனால் தாய் டொமைன்.

ஆனால் அப்படிச் செய்தால் ஹோஸ்ட் பெயரை அனுமதிச் சீட்டாக எடுத்துக்கொள்ளவே கூடாது. அட்ரஸ் பாரில் 'பாம்பன்' என்பதை அழித்து 'ஏர்வாடி' என்று தட்ட யாராலும் முடியும். ஆகவே கோரிக்கை கண்ட்ரோலருக்குப் போகுமுன் சோதிக்கும் மிடில்வேரில் இரண்டு வேலை: இந்த ஊர் இருக்கிறதா, இவருக்கு இந்த ஊரில் விலை எழுத உரிமை உண்டா. அதற்கு மேல் டேட்டாபேஸில் ஒவ்வொரு கேள்வியிலும் ஊர் எண் தானாகச் சேரும்படி செய்திருக்கிறேன். ஒரு துறையின் ஏல விலையை இன்னொரு துறைக்காரர் திருத்தினால் அடுத்த நாள் ஏலத்தில் யாரும் இந்தத் தளத்தை நம்ப மாட்டார்கள்.

ஜூன் 11

சங்கத்தில் காட்டினேன். பெரியவர் ஒருவர், "தம்பி, நண்டுக்குன்னு தனியா ஒண்ணு போட்டுக் குடுங்களேன், பாம்பனுக்கு முன்னாடி" என்றார். நல்ல யோசனைதான். ஆனால் எல்லா ஊருக்கும் பொதுவாக வாங்கும் நட்சத்திரச் சான்றிதழ் (https பாதுகாப்புக்கானது) ஒரே ஒரு படிக்குத்தான் செல்லும். பாம்பனுக்கு முன்னால் இன்னொரு புள்ளி வந்தால் பிரவுசர் எச்சரிக்கை காட்டும். நண்டைச் சாய்வுக்கோட்டுக்குப் பின்னால் வைத்தேன், ஒத்துக்கொண்டார்.

லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சான்றிதழ் அமைப்பு 2018 முதல் இந்தச் சான்றிதழை இலவசமாகத் தருகிறது. டிஎன்எஸ்ஸில் ஒரு டிஎக்ஸ்டி (உரை) பதிவு போட்டு டொமைன் நம்முடையது என்று காட்ட வேண்டும். புதுப்பிக்கும்போதும் அது தானாக நடக்க ஏற்பாடு செய்தாயிற்று.

ஜூன் 13

மூக்கையூர்க்காரர்களும் கேட்கிறார்கள். டேபிளில் ஒரு வரி சேர்த்தேன். டிஎன்எஸ், சான்றிதழ், ரூட் கோப்பு எதையும் தொடவில்லை. விலை எழுத யாருக்கு உரிமை என்ற பெயர்ப் பட்டியலை நாளைக் காலை தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.