திருநெல்வேலி டு தோஹா: செக்கிங்கில் எது போகும், எது மாட்டும்

நெல்லைக்காரர் பெட்டியைத் திறந்தாலே ஊர் தெரிந்துவிடும். அல்வா இரண்டு கிலோ, உடன்குடி கருப்பட்டி, புளிக்காய்ச்சல் ஒரு டப்பா, இட்லிப்பொடி, கோவில்பட்டி கடலைமிட்டாய். இதில் எதுவுமே கடத்தல் சாமான் இல்லை. எதை எந்தப் பெட்டியில் வைக்கிறோம் என்பதில்தான் சிக்கல் வருகிறது. திருவனந்தபுரத்திலோ மதுரையிலோ ஒருமுறை செக்கிங் முடிந்தால் எல்லாம் முடிந்தது என்று நினைப்பது அடுத்த சிக்கல். கனெக்‌ஷன் ஃப்ளைட்டில் அது பாதிதான். போகிற வழியில் எந்த ஏர்போர்ட் ரொம்பக் கறாரோ, அதன் கணக்குக்குத்தான் கைப்பையைக் கட்ட வேண்டும்.

ஒரு நாட்டின் செக்கிங்கை இன்னொரு நாடு ஏற்றுக்கொள்ளத் தனி ஒப்பந்தம் வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குள் அது உண்டு. நம் ஊரிலிருந்து தோஹாவில் இறங்கி லண்டன் ஃப்ளைட் மாறுகிறவர், ஏர்போர்ட்டை விட்டு வெளியே போகாவிட்டாலும் மறுபடி பெல்ட்டில் பையை வைத்தே ஆக வேண்டும். திருவனந்தபுரத்தில் செக்கிங் தாண்டி உள்ளே வாங்கிய தண்ணீர் பாட்டில் தோஹாவில் குப்பைத்தொட்டிக்குப் போகும். காலி பாட்டிலாக வைத்திருந்தால் போதும், உள்ளே போய் நிரப்பிக்கொள்ளலாம். வாகைக்குளத்திலிருந்து, அதாவது தூத்துக்குடி ஏர்போர்ட்டிலிருந்து, சென்னைக்கு அடிக்கடி போகிறவர்கள் இதில் ஏமாறுவதுண்டு. உள்நாட்டு விமானத்தில் தண்ணீரை விட்டுவிடுகிறார்களே என்ற பழக்கம்தான்.

ஒரு பாட்டில் 100 மி.லி.க்கு மேல் கூடாது என்ற கணக்கு 2006-ல் வந்தது. குளிர்பான பாட்டிலில் திரவ வெடிபொருளைக் கொண்டுபோய் லண்டனிலிருந்து கிளம்பும் விமானங்களைத் தகர்க்கப் போட்ட திட்டம் அந்த ஆகஸ்டில் பிடிபட்ட பிறகு பிறந்த விதி இது. பாட்டிலில் மிச்சம் எவ்வளவு என்று பார்க்க மாட்டார்கள், பாட்டிலின் கொள்ளளவைத்தான் பார்ப்பார்கள். 200 மி.லி. தேங்காய் எண்ணெய் பாட்டிலில் அடியில் இரண்டு விரற்கடை கிடந்தாலும் போச்சு. பாட்டில்கள் எல்லாம் சேர்ந்து ஒரு லிட்டர் கொள்ளும் ஜிப் வைத்த, உள்ளே இருப்பது தெரிகிற பிளாஸ்டிக் பைக்குள் அடங்க வேண்டும். குழந்தைக்கான பால், சீட்டோடு கூடிய மருந்து, இன்சுலின் ஆகியவற்றுக்கு விலக்கு உண்டு. கேட்பதற்கு முன் எடுத்துக் காட்டிவிடுவது நல்லது.

எது திரவம் என்பதில்தான் நம் சமையலறை மாட்டுகிறது. ஊற்றினால் ஓடுவது, தடவினால் பரவுவது, பிதுக்கினால் வருவது எல்லாமே திரவக் கணக்கு. நெய், தேன், புளிக்காய்ச்சல், தொக்கு, மாவடு எதுவும் கைப்பைக்கு ஆகாது. மிளகாய்ப்பொடியும் கைப்பையில் கூடாது. கண்ணில் தூவினால் ஆயுதம் அது. மற்ற பொடிகள் சாதாரணமாகப் போய்விடும், ஆனால் அமெரிக்கா போகும் விமானத்தில் 350 மி.லி. அளவைத் தாண்டிய பொடி கைப்பையில் இருந்தால் தனியாகச் சோதிப்பார்கள். சரியில்லை என்று பட்டால் ஏற்றவும் விட மாட்டார்கள். பொடி, தொக்கு எல்லாமே செக்-இன் பெட்டியில் போகட்டும்.

அல்வா கெட்டியான பண்டம்தானே, கையில் கொண்டுபோனால் என்ன? பல நேரம் விட்டுவிடுவார்கள். ஆனால் எக்ஸ்ரே திரையில் அது எப்படித் தெரிகிறது என்று தெரிந்துகொண்டால் அதிகாரி மேல் கோபம் வராது. அந்தத் திரையில் உலோகம் நீலம்; உணவு, துணி, பிளாஸ்டிக் மாதிரியான கரிமப் பொருள்கள் ஆரஞ்சு; இரண்டுக்கும் நடுவில் உள்ளவை பச்சை. கோதுமைப்பால், சர்க்கரை, நெய் மூன்றும் இறுகிப்போன ஒரு கிலோ அல்வா, அடர்ந்த ஆரஞ்சுக் கட்டியாகத் தெரியும். பிளாஸ்டிக் வெடிமருந்தும் அப்படித்தான் தெரியும். அந்தக் கட்டிக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்பதும் புலப்படாது. அதன் பக்கத்திலேயே பவர் பேங்க்கையும் சார்ஜர் வயரையும் சுருட்டி வைத்திருந்தால், பார்க்கிறவர் என்ன நினைப்பார்? பை தனி வரிசைக்குப் போகத்தான் செய்யும். கருப்பட்டிக்கும் இதே கதி.

கையில்தான் கொண்டுபோவேன் என்றால் அல்வாவைப் பையின் மேலாகத் தனியாக வைத்து, ட்ரேயில் எடுத்து வையுங்கள். எவர்சில்வர் சம்படம் வேண்டாம். கனத்த உலோகம் உள்ளே இருப்பதை மறைத்துவிடும், கட்டாயம் திறக்கச் சொல்வார்கள். செக்-இன் பெட்டி என்றால் கடையில் தரும் அட்டைப்பெட்டியை நம்ப வேண்டாம். நெய் கசிந்து சட்டையெல்லாம் வாசம் அடிக்கும். மூடி இறுகிய பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு, மேலே ஒரு கவர் சுற்றினால் போதும்.

எந்தப் பெட்டியிலும் கூடாதவை சில உண்டு. கொப்பரை அதில் ஒன்று. எண்ணெய்ச்சத்து மிகுந்ததால் தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும் பொருள்களின் பட்டியலில் அது இருக்கிறது. சூடம், தீப்பெட்டி, லைட்டர், பட்டாசும் அப்படியே. முழுத் தேங்காய்க்குக் கைப்பையில் இடமில்லை. 2024 சபரிமலை சீசனில் இருமுடித் தேங்காய்க்கு மட்டும் விலக்குக் கொடுத்தார்கள். கசகசாவை துபாய்க்கோ சிங்கப்பூருக்கோ கொண்டுபோவது போதைப்பொருள் வழக்கு வரை போகும். குருமாவுக்கு முந்திரி அரைத்துக்கொள்ளலாம்.

பேரப்பிள்ளையைப் பார்க்கப் போகிற ஆச்சியின் சுருக்குப்பையை முந்தின நாளே ஒருமுறை கொட்டிப் பாருங்கள். பாக்குவெட்டி இருந்தால் செக்-இன் பெட்டிக்கு மாற்றிவிடுங்கள். அமீரகம் என்றால் வெற்றிலையை வீட்டிலேயே விட்டுப் போக வேண்டும். ஆச்சிக்கு முட்டு ஆபரேஷன் ஆகியிருந்தால் வாசல் கருவி கத்தும். டாக்டர் சீட்டு இருந்தால் விளக்கம் சொல்வது சுலபம், ஆனாலும் தடவிப் பார்ப்பார்கள். நம் நாட்டில் பெண்களைத் திரை போட்ட மறைவுக்குள் பெண் காவலர்தான் சோதிப்பார். பேஸ்மேக்கர் வைத்தவர் அதற்குரிய அட்டையைக் காட்டி, கைக்கருவியை நெஞ்சருகே பிடிக்க வேண்டாம், கையால் சோதியுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிட வேண்டும். வீல்சேரை டிக்கெட் போடும்போதே கேட்டு வைத்தால் கனெக்‌ஷனில் கூட்டிப்போக ஆள் வரும். இங்கிலீஷ் தெரியாத ஆச்சிக்கு அதைவிடத் துணை வேறில்லை.

கையிலும் பையிலும் சின்னப் பட்டை ஒன்றால் துடைத்து மெஷினில் செருகுகிறார்களே, அது வெடிமருந்துத் துகள் இருக்கிறதா என்று பார்ப்பது. சில நொடிகளில் பதில் வந்துவிடும். வயலில் உரம் போட்ட கை, வெடி கொளுத்திய கை, கிளிசரின் கலந்த க்ரீம் தடவிய கை இவற்றுக்கும் அது சில நேரம் கத்தும். பதற வேண்டாம். மறுபடி துடைத்து, பையைத் திறந்து பார்த்து அனுப்புவார்கள். உர மூட்டைக்குப் பக்கத்தில் கிடந்த பையை மட்டும் பயணத்துக்கு எடுக்காதீர்கள்.

பவர் பேங்க் கைப்பையில் மட்டுமே. சரக்கறையில் அது தீப்பிடித்தால் யாருக்கும் தெரியாது, கேபினில் என்றால் அணைக்க ஆள் உண்டு. 100 வாட்-அவர் வரை தடையில்லை. கணக்கு லேசு: பவர் பேங்க் மேல் போட்டிருக்கும் எம்.ஏ.எச். (mAh) எண்ணை 3.7 ஆல் பெருக்கி 1000 ஆல் வகுக்க வேண்டும். 20,000 என்றால் 74, தப்பித்தது. 30,000 என்றால் 111, விமான நிறுவனத்தின் அனுமதி வேண்டும். 160-க்கு மேல் கிடையாது. மேலே அச்சடித்த எண் அழிந்துபோயிருந்தால் வாங்கி வைத்துக்கொள்வார்கள். விமானத்துக்குள் பவர் பேங்க்கைப் பயன்படுத்தவே கூடாது என்றும் சில நிறுவனங்கள் 2025 முதல் சொல்லிவிட்டன.

இனி நேரம். திருவனந்தபுரத்தில் வெளிநாட்டு டெர்மினல் சாக்கைப் பக்கம், உள்நாட்டு டெர்மினல் சங்குமுகம் பக்கம், நடுவில் ஓடுபாதை. டிரைவரிடம் ஏறும்போதே சொல்லிவிடுங்கள். துபாயிலும் இரண்டாம் டெர்மினல் ஓடுபாதைக்கு அந்தப் பக்கம். அதில் இறங்கி மூன்றாம் டெர்மினலில் ஏறுகிறவருக்கு பஸ், செக்கிங் எல்லாம் சேர்ந்தால் இரண்டு மணி நேரமே இறுக்கம். விலை மலிவென்று இரண்டு தனி டிக்கெட்டாக எடுத்தால் பெட்டி தானாக அடுத்த விமானத்துக்குப் போகாது. குடியேற்றம் தாண்டி வெளியே வந்து பெட்டியை எடுக்க விசா வேண்டும். சிங்கப்பூரின் சாங்கி ஏர்போர்ட்டில் முதல் மூன்று டெர்மினல்களில் செக்கிங் கேட் வாசலில்தான். கடைசி நிமிடம் வரை கடையில் நின்றால் அங்கே வரிசை காத்திருக்கும்.

அமெரிக்காவில் விசா இல்லாத டிரான்சிட் நம்மவர்களுக்குக் கிடையாது. முதலில் இறங்கும் ஊரிலேயே பெட்டியை எடுத்து, கஸ்டம்ஸ் தாண்டி, மறுபடி போட்டு, மறுபடி செக்கிங். போர்டிங் பாஸில் எஸ்.எஸ்.எஸ்.எஸ். என்று அச்சாகியிருந்தால் கேட்டில் முழுச் சோதனை நிச்சயம். போனையும் லேப்டாப்பையும் ஆன் செய்து காட்டச் சொல்வார்கள், சார்ஜ் இருக்கட்டும்.

திரும்பி வரும்போதும் ஒன்று உண்டு. துபாயிலிருந்து சென்னை வழியாக வாகைக்குளம் வருகிறவர் சென்னையில் பெட்டியை எடுத்துக் கஸ்டம்ஸ் தாண்ட வேண்டும். டூட்டி ஃப்ரீயில் வாங்கிய மது பாட்டிலை, தனிநபருக்கு 2 லிட்டர் வரை, அங்கேயே செக்-இன் பெட்டிக்குள் துணி சுற்றி வைத்துவிடுங்கள். சீல் வைத்த பையைப் பிரித்துவிட்டுக் கையில் வைத்திருந்தால் உள்நாட்டுச் செக்கிங்கில் போய்விடும். சென்னை-வாகைக்குளம் தனி டிக்கெட் என்றால் பெரும்பாலும் 15 கிலோதான். வளைகுடாவில் 30 கிலோ கட்டிய பெட்டிக்குக் கூடுதல் பணம் கட்டுவதா, சென்னையிலிருந்து ரயிலில் வருவதா என்பதை டிக்கெட் போடும்போதே முடிவு செய்துவிடுங்கள்.