அண்ணனுக்கு ஒரு படுக்கை கிடைப்பதற்குள்

பல ஆண்டுகளாகத் தினமும் குடித்தவர் ஒரேயடியாக நிறுத்தினால் வலிப்பு வரலாம் என்று எங்களுக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. "நிறுத்தினால் போதும்" என்றுதான் உறவுக்காரர்கள் முதல் கயிறு கட்டிவிட்ட பூசாரி வரை எல்லோரும் சொன்னார்கள். என் அண்ணன் நிறுத்தவும் செய்தார். கை நடுக்கமும் வியர்வையும் தொடங்கியதும் பெரியப்பா வந்து, "மூன்று நாள் அறையில் போட்டுப் பூட்டுங்கள், தானாகத் தெளிந்துவிடும்" என்று தீர்ப்புச் சொன்னார். மதுரை செல்லூரில் எங்கள் தெருவுக்கு ஊசி போட வருகிற கம்பவுண்டரை அழைத்து ஒரு குளுக்கோஸ் பாட்டிலும் ஏற்ற வைத்தார். மறுநாள் விடிவதற்குள் அண்ணனுக்குக் கண் மேலே செருகி, பல் கிட்டி, உடம்பு வெட்டி வெட்டி இழுத்தது. பக்கத்து வீட்டுக்காரர் சாவிக்கொத்தைக் கையில் திணித்தார். தயவுசெய்து யாரும் அதைச் செய்யாதீர்கள். வாயிலும் எதையும் நுழைக்காதீர்கள். ஒருக்களித்துப் படுக்கவைத்துவிட்டு 108-ஐ அழையுங்கள்.

முதலில் போனது ஒரு தனியார் மருத்துவமனை. அவசரப் பிரிவில் ஊசி போட்டார்கள், தலைக்கு ஸ்கேன் எடுத்தார்கள், வலிப்பு நின்றது. அதுவரை குறை சொல்ல ஒன்றுமில்லை. படுக்கை கேட்டபோதுதான் பிரச்சினை ஆரம்பித்தது. கவுன்ட்டரில் இருந்தவர் தலையை நிமிர்த்தாமலே, "குடி கேஸை இங்கே சேர்ப்பதில்லை, ஏதாவது மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோங்கள்" என்றார். இப்போதுதானே வலிப்பு வந்தது, மறுபடி வந்தால் என்ன செய்வது என்று மதினி கேட்டதற்குப் பதில் இல்லை. பணம் கட்டும் வரிசையில் மறுபடியும் "அந்தக் குடி கேஸ் யார்?" என்று சத்தமாகக் கூப்பிட்டார். மதினி எழுந்து நேரே போய், "சீட்டில் அவர் பெயர் எழுதியிருக்கிறது, பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள்" என்றார். ஒரு நிமிடம் அந்த இடமே அமைதியானது. பிறகு அந்த மனிதர் பெயரைப் படித்தார். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசாத பெண் என் மதினி. எனக்கு இப்போதும் பெருமையாக இருக்கிறது.

பெரியப்பாவுக்குத் தெரிந்தவர் மூலம் ஊருக்கு வெளியே ஒரு மையம் கிடைத்தது. போனதும் முன்பணம் வாங்கிக்கொண்டார்கள். பிறகுதான் விவரம் சொன்னார்கள்: முதல் மாதம் வீட்டார் பார்க்க முடியாது, போனில் பேசவும் முடியாது. நான் ஒரே ஒரு கேள்வி கேட்டேன். "ராத்திரி வலிப்பு வந்தால் எந்த மருத்துவர் பார்ப்பார்?" மருத்துவர் வாரம் ஒருமுறை வருவாராம். மாநில மனநல ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைக் காட்டச் சொன்னேன். அறக்கட்டளைப் பத்திரத்தைக் கொண்டுவந்து நீட்டினார்கள். அது வேறு, இது வேறு. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டத்தில் குடியாலும் போதைப்பொருளாலும் வரும் மனநலப் பாதிப்புகளும் அடக்கம். இந்த நோயாளிகளை வைத்துச் சிகிச்சை தரும் இடம் பதிவு செய்திருக்க வேண்டும். நோயாளிக்கு வீட்டாரோடு பேசும் உரிமையும் உண்டு. அண்ணனைக் கையோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு திரும்பினோம். முன்பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள்.

கடைசியில் சேர்த்துக்கொண்ட மருத்துவமனையில் மனநல மருத்துவர் முதலில் கேட்டது கடைசியாக எப்போது குடித்தார் என்பதைத்தான். தேதி போதாது, மணி வேண்டும் என்றார். காரணத்தையும் சொன்னார். கடைசிக் குடிக்குப் பிறகு சில மணி நேரத்தில் நடுக்கம் தொடங்கும். வலிப்பு பெரும்பாலும் முதல் இரண்டு நாளுக்குள் வரும். அதற்குப் பின், கடைசிக் குடியிலிருந்து எண்ணி இரண்டிலிருந்து நான்கு நாளுக்குள் சிலருக்குச் சித்தம் கலங்கும், இல்லாதது கண்ணுக்குத் தெரியும், காய்ச்சலும் படபடப்பும் ஏறும். கவனிக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்தான கட்டம் அதுதான். பெரியப்பா பூட்டிவைக்கச் சொன்ன அந்த மூன்று நாள்தான் இது. குளுக்கோஸ் ஏற்றிய விஷயத்தைச் சொன்னதும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. நெடுநாள் குடித்தவர்களின் உடம்பில் வைட்டமின் பி1, அதாவது தயமின், வற்றிப்போயிருக்கும். முதலில் தயமின் ஊசி போடாமல் குளுக்கோஸ் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். பார்வை, நடை, நினைவு எல்லாம் தடுமாறும். தெருவில் பாட்டில் ஏற்றுகிறவர்களுக்கு இது தெரியாது. நீங்கள் தெரிந்துவைத்திருங்கள்.

அடுத்து அவர் கேட்டது அண்ணனுக்கு முன்பு மஞ்சள் காமாலை வந்தபோது எடுத்த ஈரல் பரிசோதனை முடிவு. நடுக்கத்தை அடக்க வழக்கமாகத் தரும் குளோர்டயசெபாக்சைடு, டயசெபாம் போன்ற மாத்திரைகளை ஈரல்தான் கரைத்து வெளியேற்ற வேண்டும். ஈரல் கெட்டிருந்தால் ஈரலுக்குச் சுமை குறைந்த லோரசெபாமுக்கு மாற வேண்டும். அந்தக் கோப்பு எங்கே என்று தேடினால், முதல் மருத்துவமனையில் ஸ்கேனோடு சேர்த்து வாங்கி வைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஓடினேன். ஆவண அறை சாப்பாட்டு நேரம் என்று மூடியிருந்தது. திறந்த பிறகு, நோயாளியின் ஆதார் நகல் இல்லாமல் தரமாட்டோம் என்றார்கள். ஆதார் மதினியின் பையில், மதினி கோரிப்பாளையத்துப் போக்குவரத்தைத் தாண்டி அடுத்த மருத்துவமனையில். வெயிலில் அலைந்து முடித்துத் திரும்பி வந்தால், அதற்குள் புதிதாக ரத்தம் எடுத்துப் பரிசோதித்து லோரசெபாமே ஆரம்பித்திருந்தார்கள். பழைய சீட்டு எதுவானாலும் மூலத்தைக் கொடுக்காதீர்கள், நகலைக் கொடுங்கள்.

அண்ணன் தெளிவாக இருந்த நேரத்தில் அவரே சேர்க்கைப் படிவத்தில் கையெழுத்துப் போட்டார். நோயாளி தானே சம்மதித்துச் சேர்வதுதான் சட்டப்படி முதல் வழி. முடிவெடுக்கும் நிலையில் இல்லாதவருக்குத்தான் அவர் சார்பில் நிற்கும் நியமனப் பிரதிநிதியும் மருத்துவர்களின் தனித்தனிப் பரிசோதனையும் தேவைப்படும்.

நாங்கள் எதிர்பாராத தடங்கல் இரவில் வந்தது. ஆண்கள் வார்டில் இரவுத் துணைக்குப் பெண்கள் இருக்கக் கூடாதாம். மனைவியும் கூடாது, தங்கையும் கூடாது. பகலிலேயே சொல்லியிருக்கலாம், ஒருவரும் சொல்லவில்லை. திருமங்கலத்திலிருந்து சித்தப்பா மகன் கடைசி பஸ் பிடித்து வந்து சேரும்வரை காவலாளியிடம் கெஞ்சிக்கொண்டு வராந்தாவில் நின்றோம். சேர்க்கும்போதே இதைக் கேட்டுவிடுங்கள்.

சித்தம் கலங்கும் கட்டம் அண்ணனுக்கும் வந்தது. விளக்குத்தூண் பக்கம் அவருக்குத் தையல் வேலை. காலையில் நான் உள்ளே போனபோது படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்து, இல்லாத நூலை உதட்டில் ஈரப்படுத்தி, இல்லாத ஊசியின் காதில் கோத்துக்கொண்டிருந்தார். கோத்து முடித்ததும் போர்வையை மடித்துப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலாலும் தையல் மெஷினை மிதித்தார். "தீபாவளி உருப்படி, இன்றைக்குக் கொடுத்தாக வேண்டும்" என்றார். எனக்கு அழுகை வந்தது. செவிலியர் தோளைத் தொட்டு, இந்த நிலையில் பலர் தங்கள் தொழிலைத்தான் செய்வார்கள், தெளிந்துவிடும் என்றார். சில மணிக்கொருமுறை வந்து நடுக்கம், வியர்வை, குமட்டல், பதற்றம், தலைவலி என்று பத்து அம்சங்களுக்கு மதிப்பெண் போடுவார். அந்த எண்ணைப் பார்த்துத்தான் மருந்து கூடும், குறையும். எண் இறங்க இறங்க எங்களுக்கும் மூச்சு வந்தது. ஒரு நாள் அண்ணனே இட்லி கேட்டார். மிச்ச நாள்கள் சிக்கலில்லாமல் போயின.

வீட்டுக்கு அனுப்பும் நேரத்துக்கும் சண்டை போட வேண்டியிருந்தது. டாஸ்மாக் பகல் 12 மணிக்குத் திறக்கிறது. எங்கள் தெருமுனையிலேயே ஒரு கடை. அது திறப்பதற்குள் வீடு போய்ச் சேர வேண்டும். பில் தயாராக மூன்று மணி ஆகும் என்றார்கள். மதினி மருத்துவரிடமே போய்க் காரணத்தைச் சொன்னார். அவர் உடனே போன் போட்டுப் பேசினார், பதினொரு மணிக்கு வெளியே வந்தோம். மற்றவர்களும் காலையிலேயே கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

மருத்துவர் தெளிவாகச் சொல்லி அனுப்பினார்: இப்போது முடிந்தது உடம்பிலிருந்து குடி இறங்கியது மட்டும், சிகிச்சை இனிமேல்தான். மறுபடி தேடாமல் இருக்க மருந்துகள் உண்டு. "அவருக்குத் தெரியாமல் சோற்றில் கலந்து கொடுங்கள்" என்று விற்கும் பொடியையும் மாத்திரையையும் தொடாதீர்கள். அதில் டைசல்பிராம் என்ற மருந்து இருந்து, அதன் மேல் அவர் குடித்துவிட்டால் ரத்த அழுத்தம் விழுந்து உயிர் போகலாம். அண்ணன் தெரிந்தே, சம்மதித்தே மருந்து எடுக்கிறார்.

பணமில்லை என்று யாரும் வீட்டில் வைத்துக்கொண்டிருக்க வேண்டாம். அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. போனில் ஆலோசனை கேட்க 14416, போதை மீட்புக்கென்றே 14446. காந்தி ஜெயந்திக்குக் கடை மூடினால் உங்கள் வீட்டில் ஒருவருக்குக் கை நடுங்குகிறது என்றால், அவர் தானாக நிறுத்தும்வரை காத்திருக்காமல் இப்போதே மருத்துவரிடம் பேசுங்கள்.

அந்த மையத்துக்குப் பதிவு பற்றிக் கேட்டு எழுத்தில் ஒரு கடிதம் அனுப்பினேன். முன்பணத்தில் பாதி வந்துவிட்டது. மீதிக்காகத் திங்கட்கிழமை மதினியும் நானும் நேரில் போகிறோம்.